சிறுசெலவிற் கண்டி

இரண்டு நாள் ஓய்வு கிடைத்தால் ஒரு நகரத்துக்குச் சென்று, மிகுதியாகப் பொருள் செலவிடாமற் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பவேண்டும் என்னும் விருப்பம் இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றது. ஐரோப்பாவில் இவ்விருப்பத்துக்குத் துணைநின்றவை இளைஞர் விடுதிகள். ஜேர்மனியிலே ரிச்சர்ட் ஷிர்மான் என்னும் பள்ளியாசிரியர் தம் மாணாக்கரை நடைப்பயணமாக அழைத்துச் செல்லும் வழக்கமுடையவர். இரவிலே தலைசாய்க்க இடமின்றி இடர்ப்பட்ட அனுபவம் அவருக்கு ஓர் எண்ணத்தைக் கொடுத்தது. அதன் பயனாக 1912 ஆம் ஆண்டில் அல்தேனா என்னும் ஊரின் பழைய கோட்டையில் நிலையான இளைஞர் விடுதியொன்று தொடங்கிற்று. இன்று தோளிற் பையுடன் வியன்னாவுக்கும் பிராக்குக்கும் செல்லும் இளைஞர், சிறு கட்டணத்துக்குத் துயிலிடம் பெறுவது இவ்வழி வந்த பேறேயாகும்.

ஆயினும் வழிச்செல்வோனுக்குக் கூரை கொடுக்கும் வழக்கத்தை ஐரோப்பாவின் புதுக் கண்டுபிடிப்பு என்று நாம் எண்ணுவோமானால், கண்டி நாட்டுப் பழைய வழிகளை நாம் அறியோம் என்பதே பொருள். அந்நாட்டு வழிகளின் ஓரத்திலே, ஆற்றுத் துறைகளிலும் வயல் வெளிகளிலும், அம்பலம் என்னும் சிறு மண்டபங்கள் இருந்தன. சில இன்றும் இருக்கின்றன. நான்கு பெருங்கற்களின்மேல் மரச்சட்டங்களைக் கிடத்தி, அவற்றின்மேல் தூண்களை நாட்டி, ஓடு வேய்ந்திருப்பர். சட்டமே இருக்கை, அதுவே படுக்கை. சுவரில்லை, கதவில்லை, பூட்டுமில்லை. குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலத்தைக் கண்டவர், வழிப்போக்கர் தங்கும் ஒரு சிறு கொட்டகைக்கு இத்தனை சிற்ப வேலை எதற்கு என்று வியப்பர். அத்தூண்களைச் செதுக்கிய தச்சனுக்கு, அங்கே படுக்கப்போகின்றவன் ஏழை என்பது ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை போலும்.

அம்பலம் என்னும் சொல் நமக்கும் புதியதன்று. தில்லையில் அது ஆடரங்கு. சேரநாட்டில் அது கோயில். கண்டியில் அது வழிப்போக்கர் தங்குமிடம். யாழ்ப்பாணத்தில் இதே பணியை மடம் செய்தது. மடமும் அதன் அருகே கேணியும், சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கியும், மாடு உடம்பை உராய்ந்துகொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் அமைத்த ஊர்களை நேயர்களிற் பலர் அறிவர். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தை இன்றும் காணலாம். ஆனால் நம் மடங்களெல்லாம் எல்லாருக்கும் திறந்திருந்தன என்று பெருமை பேசிவிடவும் இயலாது. சாதி பார்த்து இடம் கொடுத்த காலம் அது. திண்ணையிற் படுக்கவும் குலம் கேட்ட கொடுமையை மறைத்து எழுதுவது வரலாறு ஆகாது.

அம்பலங்களிலே தங்கியவர் யாவர்? முதலாவதாகத் தாவளக்காரர். கண்டி நாட்டில் உப்பு விளைவதில்லை. கடல் மீனும் இல்லை. கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் பொதி மாடுகளின்மேல் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குச் சென்று, பாக்கும் பிறவும் கொண்டு மீள்வர். இவருட் பலர் முஸ்லிம் வணிகர். அடுத்தவர் யாத்திரிகர். மூன்றாமவர் அரச கருமமாகச் செல்வோர்: நிலத்துக்கு ஈடாக அரசனுக்கும் கோயிலுக்கும் ஊழியம் செய்யக் கடமைப்பட்ட குடிமக்கள். கையிலே சோற்றுப்பொதி, தோளிலே காவடித் தண்டு. இவ்வளவே இவர்களுடைய பயண ஏற்பாடு.

தங்க இடம் உண்டு என்பதனால் எவரும் நினைத்தபோது கண்டிக்குப் போய்வரலாம் என்று கொள்ளற்க. கண்டி, வாயில் அடைத்த நாடு. இரண்டாம் இராசசிங்கன் ஆண்ட 1660 ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவில் அகப்பட்ட ஆங்கிலேய மாலுமி ரொபேட் நொக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டு அந்நாட்டிலே சிறைவாசம் செய்தவர். 1681 இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலிலே ஒரு செய்தி உண்டு. கணவாய்களிலே முட்கதவு அமைத்துக் காவல் வைத்திருந்தனர். அதனைக் கடந்து செல்வோன் களிமண்ணிற் பதித்த முத்திரையொன்றைக் காட்டவேண்டும். முத்திரையிலே எழுத்தில்லை, உருவமே உண்டு. போர்வீரனுக்கு ஈட்டி ஏந்திய மனிதன். சுமைகாரனுக்குக் காவடித் தண்டிலே இருபுறமும் சுமை தொங்கும் மனிதன். எழுதப் படிக்கத் தெரியாத காவற்காரனும், முத்திரையைப் பார்த்து, ஆளைப் பார்த்து, இரண்டும் பொருந்துகின்றனவா என்று அறிந்துகொள்வான். இன்றைய கடவுச்சீட்டை நினைந்து நாம் சிரிக்கத் தேவையில்லை. நிழற்படம் ஒட்டிய சீட்டும் அதனையே செய்கின்றது.

நொக்ஸ் தப்பிச் சென்ற வகை நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. அவர் கடைசியாக வாழ்ந்த ஊர் கண்டிக்கு அண்மையில் உடுநுவரையிலுள்ள எலதெத்த. தொப்பி பின்னி விற்றும், கடன் கொடுத்தும் பிழைத்தவர், தம் தோழர் ஸ்டீபன் றட்லண்டுடன் சில்லறை வணிகர்போலப் பண்டங்களைச் சுமந்துகொண்டு வடக்கு நோக்கிப் பன்முறை பயணஞ்செய்து வழியை அறிந்துகொண்டார். வணிகனை எவரும் ஐயுறவில்லை. இறுதியாக 1679 இல் அநுராதபுரத்தை அடைந்து, மல்வத்து ஓயாவின் கரைவழியே காட்டினுள் நடந்து, மன்னாருக்குத் தெற்கேயுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்தார். சிறு மூட்டையுடன் செல்லும் ஏழை வழிப்போக்கன் எவர் கண்ணிலும் படுவதில்லை என்பதே அவருக்குக் காவலாயிற்று. வரலாற்று நூல்களின் கண்ணிலும் அவன் படுவதில்லை. ஜேர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1911 இல் கண்டிக்கு வந்தார்; தாம் கண்டதை எழுதினார். அம்பலத்திலே படுத்து எழுந்து போனவன் ஒன்றும் எழுதவில்லை. ஆதலால் சிறுசெலவுப் பயணத்தின் வரலாற்றைக் கல்லிலும் மரத்திலும் கணக்கேட்டிலுமே தேடவேண்டியிருக்கின்றது.

பழைய கண்டிக்குச் சென்ற ஏழைக்கு நகரம் என்ன காட்டிற்று? ஆடித் திங்களிற் பெரஹரா காட்டிற்று. நொக்ஸ் தம் காலத்திற் கண்ட பெரஹராவிலே தெய்வங்களே உலா வந்தன. அவர் குறிப்பிடும் தெய்வங்களிற் கதிர்காமத்து இறைவனும் பத்தினியும் உளர். புத்தர்பெருமானின் தந்ததாது அவ்வூர்வலத்தில் முதலிடம் பெற்றது பின்னாளில், கீர்த்தி சிறி இராசசிங்கன் காலத்திலேயாம். அம்மன்னன் 1747 முதல் 1782 வரை ஆண்டவன். மதுரை நாயக்கர் மரபோடு உறவுடைய குடியிற் பிறந்தவன். தலதா மாளிகையின் எதிரே நாதர், விட்டுணு, பத்தினி ஆகியோருக்குரிய தேவாலயங்கள் ஒன்றற்கொன்று அண்மையில் நிற்கின்றன. கதிர்காமத் தேவாலயம் சற்று அப்பால், கடைத் தெருவின் நடுவே இருக்கின்றது. பத்தினி என்பாள் நம் கண்ணகியே. சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவிலே இலங்கைக் கயவாகு இருந்ததாகச் சிலப்பதிகாரம் கூறும். அவ்விழாக் கண்ட தெய்வம் இன்றும் ஆண்டுக்கொருமுறை யானையோடும் மேளத்தோடும் கண்டி வீதியில் உலாவருகின்றது. வீதியோரத்திலே பாய் விரித்துக் காலையிலேயே இடம் பிடித்துக்கொள்ளும் குடும்பத்துக்குக் காட்சி இலவசம். மாடியிலே நாற்காலி வேண்டுவோருக்கு மட்டுமே விலை.

கண்டி அரசு 1815 இல் வீழ்ந்தது. கடைசி மன்னன் சிறி விக்கிரம இராசசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832 இல் அங்கேயே இறந்தான். மன்னனுடைய உறவினர் வாழ்ந்த தெருவுக்கு மலபார் வீதி என்ற பெயர் நிலைத்தது. முட்கதவுகள் போயின. ஆங்கிலேயருக்கு இப்போது பாதை வேண்டியதாயிற்று. முதலிற் படை செல்ல. பின்பு கோப்பி செல்ல. தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்திலே கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருவீதி அமைந்தது. அதை வகுத்த பொறியாளர் டோசன் 1829 இல் இறந்தார். அவர் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுப்பிய கோபுரம் இன்றும் நிற்கின்றது. ஆனால் பாறையை உடைத்தவர்க்குக் கோபுரம் இல்லை. கண்டி மன்னரின் இராசகாரிய முறையை ஒழிக்கவில்லை பார்ன்ஸ். அதனையே வீதி வேலைக்குப் பயன்படுத்தினார். நிலத்துக்காகச் செய்த ஊழியம் கல்லுடைக்கும் கட்டாய வேலையாயிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைக்குப் பின்னரே, 1830களின் தொடக்கத்தில், அது நீங்கிற்று.

பேராதனையில் மகாவலியின்மேல் 1833 இல் முடிவுற்ற பாலம் அக்காலத்தின் அதிசயங்களுள் ஒன்று. முதிரை மரத்தினால், நடுவிலே தூணில்லாமல், ஒரே வில்லாக வளைத்து அமைத்தனர். வீதியிலே குதிரை வண்டி ஓடிற்று. அதில் ஏறப் பணம் வேண்டும். ஏழை அதன் புழுதியில் நடந்தான்.

உண்மையிலே ஏழைக்குக் கண்டியைத் திறந்துவிட்டது புகையிரதம். தோட்டத் துரைமாரின் கோப்பிக்காகவே அது போடப்பட்டது. மாட்டுவண்டியிற் கோப்பி கொழும்பை அடைவதற்குள் மழையிலும் சேற்றிலும் கிடந்து கெட்டது. 1865 இல் அம்பேபுசை வரையும், 1867 இல் கண்டி வரையும் இருப்புப் பாதை வந்தது. நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி உயரும் கடுகண்ணாவை ஏற்றத்தைப் பொறியாளர் மோல்ஸ்வேர்த் வென்றார். அந்த வண்டியிலே மூன்றாம் வகுப்பும் இருந்தது. பலநாள் நடந்தவன் பகலொன்றிற் கண்டியைக் கண்டு, தந்ததாதுவை வணங்கி மீண்டான். கோப்பியோ அதன்பின் நெடுநாள் வாழவில்லை. 1869 இற் கண்ட இலைநோய் பதினைந்து இருபது ஆண்டில் அதனை அழித்தது. பாதை நிலைத்தது. துரைமார் கோப்பிக்காகப் போட்ட இருப்புப் பாதையின் முழுப் பயனையும் பெற்றவர் மூன்றாம் வகுப்பு யாத்திரிகரே என்பது என் கருத்து.

ஆனால் இதே காலத்திலே கண்டியை நோக்கி வேறொரு கூட்டமும் நடந்து வந்தது. அவர்களை விட்டுவிட்டுச் சிறுசெலவுப் பயணத்தைப் பற்றிப் பேசுவது அறமன்று. கம்பளைக்கு அருகே சிங்காபிட்டியாவில் 1820களின் நடுவே ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் இட்ட காலந்தொட்டு, தமிழகத்து மக்கள் வேலை தேடி வரலாயினர். திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலே பஞ்சம் வந்தபோதெல்லாம் கூட்டம் பெருகிற்று. அவர்கள் வாயிலே மலைநாடு முழுவதும் கண்டிச் சீமை. கண்டிக்குப் போனான் என்றால் கடல் கடந்து பிழைக்கப் போனான் என்பது பொருள்.

இவர்கள் வந்த வழி, இராமேசுவரக் கரையிலிருந்து தோணியேறித் தலைமன்னாரில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் செல்லும் வடபாதை. ஏறத்தாழ நூற்றைம்பது மைல் நடை. வறண்ட காடு. குடிக்க நீரில்லை, இருந்த குளத்து நீரும் நஞ்சு. மலேரியாவும் காலராவும் பசியும் எடுத்துக்கொண்டவரை வழியிலேயே விட்டுவிட்டுக் கங்காணியின் கூட்டம் நடந்தது. கைக்குழந்தையோடு வந்தவரும் உளர். கோப்பிக் காலத்தில் இது ஒருமுறை வந்து குடியேறுவதன்று. பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, சில திங்கள் வேலை செய்து, அதே வழியே நடந்து ஊர் திரும்பினோர் பலர். மறுவருடம் மீண்டும் அதே காடு.

இந்தப் பயணத்தின் செலவு யாருடையது? தோணிக் கூலியும் வழியிலே அரிசியும் கங்காணி கொடுத்த முன்பணம். தோட்டத்தை அடைந்த நாளிலே அது தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதப்பட்டது. கடன் தீராமல் வேறு தோட்டம் போக இயலாது. துண்டு என்னும் சீட்டிலே, இன்ன தொகை செலுத்தினால் இவனை விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கவேண்டும். அத்துண்டைக் காட்டி வேறொரு தோட்டத்தார் பணம் கட்டினால், பழைய கடன் புதிய தோட்டத்தின் கடனாயிற்று. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரச் சீட்டு வந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு அது. அதனைக் காட்டினால் கப்பலிலும் புகையிரதத்திலும் கைக்காசு கொடாமலே வரலாம். செலவு தோட்டத்தின் கணக்கிலும், பின்பு தொழிலாளியின் தலையிலும் ஏறும். இராசசிங்கனின் களிமண் முத்திரையிலே சுமைகாரனின் உருவமாவது இருந்தது. தகரச் சீட்டிலே உருவமும் இல்லை, பெயரும் இல்லை; எண்ணே இருந்தது. துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921 இல்.

இவ்வளவும் அறிந்துகொண்டு, இக்காலத்தில் ஒருவர் இரண்டு நாள் கண்டிக்குச் செல்வாராயின், குறைந்த செலவிலே நிறையக் காணலாம். முதல் நாள் நகரம். 1807 இற் கடைசி மன்னன் வெட்டத் தொடங்கிய ஏரியைச் சுற்றி நடப்பதற்குக் கட்டணம் கிடையாது. வயல்களை அழித்து ஏரி வெட்டுவதற்கு ஆள் பிடித்ததும் மன்னன்மீது வெறுப்பு வளர்ந்ததற்கு ஒரு காரணம் என்பர். அழகிய கரையிலே நடக்கும்போது இதுவும் நினைவிலிருக்கட்டும். தேவாலயங்கள், மலபார் வீதி, பேராதனை வீதியிலே கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் எல்லாம் கால்நடைத் தூரம். பிற்பகலில் மழை பெய்யும். குடை கொண்டு செல்வது நன்று.

இரண்டாம் நாள் உடுநுவரை. கொழும்பு வீதியிற் செல்லும் பஸ் வண்டியிலே பிலிமத்தலாவைக்கு அருகே இறங்கி, கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே என்னும் மூன்று தலங்களையும் வயலோரத்து வழியே நடந்து காணலாம். காலையிலே தொடங்கினால் மாலைக்குள் முடியும். நொக்ஸ் வாழ்ந்த பகுதியும் இதுவே. கடலாதெனிய விகாரை 1344 இல் எழுந்தது. கட்டிய சிற்பி கணேசுவராச்சாரி. கல்லாலான அக்கட்டடத்தைக் கண்டதும் தென்னாட்டுக் கோயிலின் சாயல் நெஞ்சில் தோன்றும். அதே காலத்தது லங்காதிலக. அது நிற்கும் பாறையிலே சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கின்றது. வெயிலும் மழையும் பட்டுத் தேய்ந்த எழுத்தை அருகிலிருந்து பார்க்கவேண்டும். கண்டி மலைநாட்டிலே 14 ஆம் நூற்றாண்டில் ஒரு விகாரைக்கு நிலம் கொடுத்த செய்தியைத் தமிழிலும் எழுதிவைக்க வேண்டிய மக்கள் வாழ்ந்தனர் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. தமிழர் இம்மலைக்கு வந்தது கோப்பியோடுதான் என்று எண்ணுவார் இப்பாறையை ஒருமுறை காண்க.

எம்பெக்கே கதிர்காமத்து இறைவனின் கோயில். மேளமண்டபத்து மரத்தூண்களிலே மல்லரும், அன்னமும், இருதலைப் புள்ளும், குழந்தைக்குப் பாலூட்டும் தாயும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் கூரையின் ஓரத்திலே 26 கைமரங்கள் ஒன்றுகூடி, ஒரே மர ஆணியிலே பூட்டப்பட்டிருக்கக் காணலாம். இரும்பு இல்லை. கலைஞர் ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெருநூலுக்கு இத்தகைய கண்டிநாட்டுத் தச்சரின் கைவேலைகளே அடிப்படையாயின.

மூன்றாவது நாளும் இருக்குமாயின், வடக்கே மாத்தளைக்குச் செல்லலாம். இருப்புப் பாதை அவ்வூரை அடைந்தது 1880 இல். நாட்டுக்கோட்டைச் செட்டியாரின் ஆதரவிலே வளர்ந்த முத்துமாரியம்மன் கோயில் ஊரின் நடுவே உயர்ந்து நிற்கின்றது. வடபாதையிற் பிழைத்து வந்தோர், காடு முடிந்து மலை தொடங்கும் இவ்விடத்திலே தான் கூட்டங் கூட்டமாகப் பிரிந்து தோட்டங்களுக்குச் சென்றனர். மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைந்து, 2023 ஆம் ஆண்டு யூலை இறுதியிலே தலைமன்னாரிலிருந்து புறப்பட்டவர்கள், முன்னோர் நடந்த அந்த வழியிலே நடந்து ஓகஸ்டு மாதத்தில் மாத்தளையை அடைந்தார்கள். மதவாச்சியும் மிகிந்தலையும் தம்புள்ளையும் நாலந்தாவும் அவ்வழியில் உள்ள ஊர்கள். பஸ் வண்டியில் அமர்ந்து செல்வோருக்கும் வழி அதுவே.